யூதாஸ் ஆடு, எண் நான்கு

டோரீன் ஓடவில்லை.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இந்த மலையில் எந்த ஆடும் ஓடும். டோரீன் மட்டும் பாறை மேல் நின்று, வாயிலிருந்த புல்லை நிதானமாக மென்றபடி எங்களை அண்ணாந்து பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். நாங்கள் அவளைச் சுடுவதில்லை.

கதவு கழற்றிய ஹெலிகாப்டரில் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் துப்பாக்கி. ஓட்டுவது ரோய்மாட்டா, இந்தத் தீவின் பூர்வகுடிப் பெண். நான்கு வருடமாக இந்த மலையில் ஆடு சுடுவது நாங்கள் இருவரும்தான்.

டோரீன் எங்கள் ஆள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி நாங்களே கொண்டுவந்து விட்ட பெட்டை ஆடு. ஆட்டுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. எந்தப் பள்ளத்தில் கூட்டம் ஒளிந்திருந்தாலும் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். பட்டையிலிருந்து வரும் ஒலியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னாலேயே போவோம். அவளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சுடுவோம். இரண்டு வாரத்தில் அவள் வேறு கூட்டம் பார்த்திருப்பாள்.

அலுவலகத் தாளில் அவள் யூதாஸ் ஆடு, எண் நான்கு. டோரீன் என்பது ரோய்மாட்டா வைத்த பெயர். அவளுடைய பழைய மாமியாரின் பெயராம்.

"அந்தம்மாவும் இப்படித்தான். எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் அந்தக் குடும்பம் காலி."

இந்த வேலையில் எனக்குச் சஞ்சலம் எதுவும் இருந்ததில்லை. ஆடு இந்தத் தீவுக்குச் சொந்தமில்லை, கப்பலில் வந்தது. மலையை மொட்டையடித்துவிட்டது. நாங்கள் சுட ஆரம்பித்த மூன்றாம் வருடம், பாறை இடுக்குகளில் பழைய வெள்ளைப் பூ மறுபடியும் தலைகாட்டியது. ஓர் ஆட்டுக்கு இரண்டு குண்டு, எதுவும் கிடந்து துடிக்கக் கூடாது. அதில் மட்டும் நான் கறார். பாரில் யாராவது, "உனக்கெல்லாம் தூக்கம் வருதா?" என்று கேட்டால், "குறட்டையே வருது" என்பேன்.

ரோய்மாட்டாதான் அவ்வப்போது சீண்டுவாள். "கப்பல்ல வந்ததையெல்லாம் சுடணும்னா, உன் தாத்தாவுக்குத் தாத்தாவுல இருந்துல்ல ஆரம்பிக்கணும், டல்லக்."

"உங்க ஆளுங்க மட்டும் இங்கயே மொளைச்சாங்களா? தோணியில வந்தவங்கதான?"

"தோணிக்கு விலக்கு உண்டு" என்பாள்.

அன்று காலையில் கடைசிக் கூட்டமும் முடிந்தது. ஒரு கிடா, மூன்று பெட்டை. மலையில் மிச்சம் டோரீன் ஒருத்தி. உத்தரவில் குழப்பமே இல்லை: எல்லாம் முடிந்ததும் அதையும்.

துப்பாக்கியைத் தூக்கினேன்.

மூவாயிரத்துக்கு மேல் சுட்டிருக்கிறேன். அத்தனையும் ஓடியவை. நின்று என் முகத்தைப் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

முதல் குண்டு பாறையில் பட்டுத் தெறித்தது. டோரீன் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது போல இருந்தது. இரண்டாவது இன்னும் தள்ளிப் போனது. மூன்றாவது எங்கே போனதென்று எனக்கே தெரியாது.

காதில் ரோய்மாட்டாவின் குரல். "என்னய்யா, காத்தா?"

"ஆமா. பயங்கரக் காத்து."

கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி அசையாமல் படுத்துக் கிடந்தது.

நான்காவதும் ஐந்தாவதும் வானத்துக்கு. ரோய்மாட்டா ஹெலிகாப்டரைப் பாறைக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"அவளுக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சே. குட்டி போடப்போறதில்ல. ஒத்தையா வயசாகிச் செத்துட்டுப் போறா, யாருக்கு என்ன? ரெண்டு வருஷமா உன் மூஞ்சியப் பாத்ததே அவளுக்குப் போதும்யா. பட்டைய மட்டும் கழட்டிட்டு வா. சுட்டாச்சுன்னு சொல்லிக்குவோம்."

இறங்கி நடந்தேன். டோரீன் நகரவில்லை. பக்கத்தில் போனதும் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மறு வாரம் அலுவலகத்தில் விருந்து. கிவிப் பழம் அடுக்கிய கேக். அதன் நடுவில் க்ரீமால் பெரிய பூஜ்யம். எங்கள் அதிகாரி ஃபிலிப்பா அந்தப் பட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எல்லோருக்கும் காட்டினாள். நல்ல பெண். பூஜ்யத்தை வெட்டும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெல்லிங்டனிலிருந்து வந்த மேலதிகாரி என் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார்.

"இனிமே என்ன செய்யப் போறீங்க, டல்லக்?"

"ஒரு ரெண்டு வருஷம் மீன் பிடிக்கலாம்னு இருக்கேன்."

"அதென்ன ரெண்டு வருஷம்?"

"சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ரோய்மாட்டா கேக் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவளிடமும் நான் சொல்லவில்லை.

அன்று மலையில் பட்டையை அவிழ்க்கும்போது டோரீன் முரண்டு பிடித்தாள். பிடித்து நிறுத்துவதற்காக இடது கையை அவள் வயிற்றுக்கு அடியில் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஒன்று உதைத்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தினேன். அங்கே இன்னொன்று.

"என்னய்யா, கொஞ்சிக்கிட்டிருக்கியா?" என்று ரோய்மாட்டா கத்தினாள்.

"இதோ, முடிஞ்சுது" என்றேன்.