நாலாம் நம்பர்

“உண்மையைச் சொல்லுங்க டில்லிண்ணே. நான் இல்லாத நேரத்துல இந்த வண்டியில யாரு கைய வெக்கறது?”

காலையில் வந்ததும் வராததுமாக ஜீவானந்தம் இப்படிப் பட்டென்று கேட்டதும் டில்லிபாபுவின் முகம் சுண்டிப்போனது. “புள்ள மேல சத்தியம் சார். என்னைத் தவிர ஒரு ஈ, காக்கா கிட்ட வராது. சாவி என் இடுப்புலயே கீது.”

ஒரகடத்தில் புதிதாக வரும் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டுகிற பொக்லைன் அது. ஓட்டுவது டில்லிபாபு. மூன்று வாரமாக அதற்கு என்ன கிரகமோ, காலையில் ஒழுங்காகத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடும். கேபின் திரையில் ஒரே பல்லவி: இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் நாலாம் நம்பர் இன்ஜெக்டருக்குக் கரண்ட் போகவில்லை.

வண்டியை விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் ஜீவானந்தம். போன் வந்ததும் குன்றத்தூரிலிருந்து பைக்கில் விழுந்தடித்துக்கொண்டு வருவான். வந்து பார்த்தால், டாக்டரைக் கண்டதும் வயிற்றுவலி நின்றுபோகிற பள்ளிக்கூடப் பிள்ளை கணக்காக இன்ஜின் சமர்த்தாக ஓடும். மத்தியானத்துக்கு மேல் ஒருநாளும் அது மக்கர் செய்ததில்லை.

அவனும் சும்மா விடவில்லை. நாலாவது இன்ஜெக்டரைக் கழற்றி இரண்டாவதின் இடத்தில் மாட்டிப் பார்த்தான். கோளாறு அதோடு கூடப் போகாமல் நாலாவது இடத்திலேயே நின்றது. அப்படியானால் இன்ஜெக்டர் நல்லது, ஒயரில்தான் சனியன் என்று இன்ஜின் மேலே ஓடும் ஒயர்க் கட்டு மொத்தத்தையும் புதிதாக மாற்றினான். மறுநாளே போன். “சார், நாலு மறுபடியும் பூட்ச்சு.”

சர்வீஸ் பிரிவுக்குத் தலைமை செந்தாமரை மேடம். நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்கள். “நாளைக்கும் காரணம் கண்டுபிடிக்கலன்னா உனக்கு ஃபீல்டு வேலை கிடையாது ஜீவா. ஸ்டோர்ல உக்காந்து நட்டு, போல்ட்டு எண்ணு.”

ஆறு வருஷம் கிரீஸில் புரண்டு சம்பாதித்த பெயர். ஒரு ஒயர் அதைத் தின்னப் பார்க்கிறதே என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் இன்று வண்டி தோண்ட ஆரம்பிக்கும்போதே வந்து, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் மண்மேட்டில் குந்திவிட்டான். பதினோரு மணி வரை ஒன்றுமில்லை. பதினொன்றரைக்கு இன்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றது.

“மாட்னடா!” மீட்டரையும் லேப்டாப்பையும் வாரிக்கொண்டு அவன் பள்ளத்தில் இறங்கி ஏறி மூச்சுவாங்கப் போய்ச் சேர்வதற்குள், டில்லிபாபு இன்ஜின் மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தான்.

மீட்டரை வைத்தால் எல்லாம் சரி. ஒயர் எங்கும் அறுந்திருக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ஜம்மென்று ஓடுகிறது. ஜீவானந்தம் ஸ்பானரை மண்ணில் ஓங்கி எறிந்தான். “கருமம்! என்னை வெச்சி காமெடி பண்ணுதா இது?”

டில்லிபாபு ஓடிப்போய் ஸ்பானரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

“அண்ணே, நல்லா யோசிச்சி சொல்லுங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் இது நல்லாத்தானே ஓடுச்சு? அப்புறம் இன்னா மாறுச்சு?”

“மண்ணு அதே மண்ணு சார். டீசலும் அதே பங்க்குதான். வூட்லதான், என் சம்சாரம் சத்யாவுக்கு சுங்குவார்சத்திரம் கம்பெனில ஃபர்ஸ்ட் ஷிப்டு போட்டுட்டாங்கோ. பாவம், மூணு மணிக்கே எழுந்து சமைச்சி வெச்சிட்டு...”

“அண்ணே! வூட்டுக் கதை வாணாம். வண்டிக் கதைய சொல்லுங்க.”

டில்லிபாபு திரும்பி இன்ஜினைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஒரு மணி வரைக்கும் ஜீவானந்தம் ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான். ஊஹூம். தலையால் தண்ணீர் குடித்தும் பலனில்லை. கடைசியில் போனை எடுத்தான்.

“மேடம், ஸ்டோர் சாவிய எடுத்து வையுங்க. என்னால முடியல.”

போனை வைத்ததும் அழுகை அழுகையாக வந்தது. கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டான்.

“வுடுங்க சார். பசியோட பாத்தா எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கை கழுவிகினு வாங்க, ஒரு வாய் சாப்டலாம்.” டில்லிபாபு கேபினில் துணி சுற்றி வைத்திருந்த எவர்சில்வர் கேரியரை எடுத்துப் பிரித்தான். ஒரு தட்டில் சோற்றைத் தள்ளி, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினான்.

இரண்டு வாய் உள்ளே போனதும் ஜீவானந்தத்துக்கு உயிர் வந்தது. மூன்றாவது கவளத்தைப் பிசைந்தவன் விரலை உதறினான்.

“ஏண்ணே, அண்ணி மூணு மணிக்கே சமைச்சதுன்னுதானே சொன்னீங்க? கை சுடுதே, எப்புடி?”

டில்லிபாபுவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த மூன்று வாரத்தில் சார் வண்டியை விட்டு வேறொன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“நீங்க வர்ற வரைக்கும் இன்ஜின் மேலதானே இருந்துச்சு! அங்க ஒயரெல்லாம் மெத்த மாரி கீது இல்ல சார், அதும்மேல கேரியர வெச்சி மூடிய நல்லா அமுக்கி சாத்திடுவேன்!”