சட்டைக் கோல்

பூச்சிமருந்தடிப்பதை நிறுத்திய அன்றே, புழு பிடிக்கும் குருவிகள் வந்து உட்காரட்டும் என்று, அமலோற்பவம் தன் நெல்வயலின் வரப்போரம் குறுக்குக்கட்டை வைத்த கோல் ஒன்றை நட்டாள். முதல் வருஷம் புழு பாதி வெள்ளாமையைத் தின்றபோதும் அதைப் பிடுங்கவில்லை. மூன்று வருஷமாக அதில் வந்து உட்கார்ந்ததெல்லாம் பக்கத்து வயல் சவரிமுத்துவின் சட்டைதான். மருந்தடிக்க வரும்போதெல்லாம் கழற்றி அதில் மாட்டுவார். "சும்மாதானே நிக்குது" என்பார். இன்றும் மருந்து டின்னை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, சட்டையோடு கையை நீட்டினார். கோலின் மேல் ஒரு கரிச்சான் குருவி, இரட்டைவாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. "ச்சூ" என்று சட்டையை வீசினார். அது எழும்பி, அவர் உச்சந்தலையில் ஒரு கொத்து கொத்திவிட்டு, அவளுடைய நெல்லுக்குள் பாய்ந்து, பச்சைப்புழுவோடு அதே கட்டைக்குத் திரும்பியது. களை பறித்துக்கொண்டிருந்த அமலோற்பவம் நிமிர்ந்தாள். மூன்று வருஷத்துச் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டாள். "இப்ப சட்டைய எங்க மாட்டுறது?" என்றார் சவரிமுத்து, தலையைத் தடவிக்கொண்டே. "ஒங்க வயல்லயும் ஒரு கோல் நட்டுக்குங்கண்ணே. ஆனா மருந்தடிச்சீங்கன்னா, சட்டதான் வந்து ஒக்காரும்."