விளைந்த பாத்தியின் சத்தம்

உப்பளத்தின் அமைதியை ஒலிப்பதிவு செய்ய வந்திருந்தான் எபனேசர். மூன்று நாளாக ஒவ்வொரு பதிவிலும் மாரிக்கனியின் காலடி விழுந்து கெடுத்தது. வெறுங்காலோடு பாத்தி பாத்தியாக மிதித்துப் பார்த்து, எதில் உப்பு வாரலாம் என்று சொல்வதுதான் அவள் வேலை. "பத்தே நிமிஷம் வரப்புல உக்காருங்கக்கா" என்று கெஞ்சினான். உட்கார்ந்தாள். காற்றும் தூரத்துக் கடலும் மட்டும் பதிவாயின. பூரித்துப்போய் ஹெட்போனை அவள் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னான்.

கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது எங்க பாத்தியே இல்ல சார். எங்க பாத்தி கால வச்சா பேசும்லா."

எபனேசர் கொஞ்சம் யோசித்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கைக் கணுக்காலருகே பிடித்தபடி பாத்திக்குள் இறங்கினான். உப்பு பாதத்தைக் குத்தியது. நீண்ட ஒயர் அவன் பின்னால் இழுபட்டு வந்தது. வரப்பில் ஹெட்போனோடு இருந்த மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நொறுநொறுன்னு கேக்கு. இத வாரலாம்."

அடுத்த பாத்தியில் நாலு எட்டு வைத்தான்.

"சொதசொதன்னு கேக்கு. இதுக்கு இன்னும் ரெண்டு நாளாவும்."

கால் எரிய, கரையேறப் பார்த்தான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. காலை நீட்டி, வெடித்த பாதங்களை ஒன்றோடொன்று சுகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே நடங்க சார். இன்னும் பதினோரு பாத்தி கெடக்கு."