பச்சைப் பட்டன்

“கடை போட்டா மட்டும் போதுமா? காயில் ஒழுங்கா கட்டத் தெரிய வேணாமா?”

ஸ்டார்ட்டர் பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்தார் மதியழகன். காரைக்காலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நடத்துகிறவள் அஞ்சுகம். கையிலிருந்த செம்புக் கம்பியை ஓரமாக வைத்தாள்.

“என்னாச்சுண்ணே?”

“போன மாசம் நீதானம்மா கட்டிக் குடுத்தே? கரண்டு போனா ஸ்டார்ட்டர் புடிய விட்டுடணும்ல, திரும்ப வந்தாலும் நாம போட்டாத்தானே ஓடணும்? இது விட மாட்டேங்குது. காலையில மோட்டாரப் போட்டுட்டு ஆபீஸ் போறேன். மத்தியானம் கரண்டு போய்ப் போய் வருது. எங்க ஊரு விழிதியூர்ல அத்தனை மோட்டாரும் நின்னு கெடக்கு. சாயங்காலம் வந்து பாத்தா என்னோடது மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு.”

“நல்லதுதானேண்ணே.”

“என்ன நல்லது? விடாம புடிச்சுக்கிட்டு, மூணு பேஸ்ல ரெண்டுல மட்டும் கரண்டு வந்தா மோட்டார் எரிஞ்சு போயிடும். கதிர் வர்ற நேரம். ஆத்துத் தண்ணி கடைமடைக்கு எட்டிக்கூடப் பாக்கல. மோட்டார் போச்சுன்னா பயிரும் போச்சு. அதப் பாத்து சந்தோஷப்பட ஆளும் இருக்கு.”

“யாருண்ணே அது?”

“கூடப் பொறந்தவருதான்.”

அண்ணன் சுப்ராயனோடு அவருக்குப் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. பாகப் பிரிவினையில் போர்வெல் இவர் பங்குக்கு வந்தது. பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். இவரோ ஊரார் முன்னால், “என் மோட்டார் கொட்டாயில கால வெச்சா மரியாதை கெட்டுடும்” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்துக்கூட இவர் பார்த்ததில்லை.

அஞ்சுகம் பெட்டியைத் திறந்து, கரண்டு கொடுத்து, பச்சைப் பட்டனை அமுக்கினாள். இரும்புத் துண்டு டக்கென்று இழுபட்டு ஒட்டிக்கொண்டது. கரண்டை நிறுத்தினாள். டப்பென்று விலகியது. மறுபடி கரண்டு கொடுத்தாள். விலகியது விலகியபடியே இருந்தது.

“நல்லாத்தானே விடுது?”

“இங்க விடுது, வயல்ல விடலையே. நிரந்தரக் காந்தமா ஆயிடுச்சோ என்னவோ.”

அவள் சிரித்துவிட்டாள்.

“அது ஸ்பீக்கர்ல இருக்கற காந்தம்ணே. அதுக்குக் கரண்டே வேணாம், புடிச்சா புடிச்சதுதான். இது தேனிரும்பு. சுத்தியிருக்கற கம்பியில கரண்டு ஓடுற வரைக்குந்தான் காந்தம். நின்னா வெறும் இரும்பு. கரண்டு திரும்ப வந்தாலும் தானா சேராது, பாத்தீங்கல்ல?”

“அப்ப எப்படி ஓடுதாம்?”

“யாராச்சும் வந்து பச்சைப் பட்டன அமுக்குறாங்க.”

“ஒவ்வொரு தடவையுமா? எவன் வருவான்? கொட்டாய் பூட்டிக் கெடக்கு. சாவி...”



சாவி, கொட்டகையின் இரும்புக் கதவுச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது, பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு. அப்பா வைத்த இடம். அப்பாவுக்குப் பிறகு அது தெரிந்தவர்கள் அண்ணனும் தம்பியும்தான்.

அண்ணனுடைய வயல் பக்கத்திலேயே தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்தது. நேற்றுகூட மதியழகன் அதைப் பார்த்தபடி நடந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. வரப்பில் அண்ணன் ஒரு வெட்டு மண் எடுத்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்திருக்கும். வரப்பு போட்டது போட்டபடி இருந்தது.

மதியழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து பெட்டியைத் தூக்கினார்.

அஞ்சுகத்துக்குப் பாவமாக இருந்தது. “ஒன்னு பண்ணுங்கண்ணே. ஆட்டோ சுவிட்ச் ஒன்னு தர்றேன், இதோட மாட்டிடுங்க. கரண்டு சரியா வந்ததும் மோட்டார் தானா ஓடும். யாரும் கொட்டாய்க்கு வந்து அமுக்க வேணாம்.”

“உன்ன ஏசினத மனசுல வெச்சுக்காதம்மா. நேரா வயலுக்குத்தான் போறேன். இதை மாட்டிட்டு, அண்ணன் பக்கத்து வரப்ப வெட்டி விடணும்.”

“அப்ப சுவிட்ச்?”

“அது வேணாம்மா. அத மாட்டிட்டா எங்கண்ணன் வராது.”