உள்ளிருந்து வந்த வருகை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஒருவர் மறுபடியும் வந்திருந்தார்.

அவள் டிபன் டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் அடிபடுகிறவர்கள் உதவி கேட்பதற்கான இணையச் செயலி அது. ஒரு தொண்டு அமைப்புக்காக அவள் வேலைபார்க்கும் கம்பெனி செய்து கொடுத்தது. யார் யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் தயங்கி நிற்கிறார்கள், எங்கே மனம் மாறித் திரும்பிப் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பெயர் தெரியாது. முகம் தெரியாது. எந்த நெட்வொர்க்கிலிருந்து வந்தார்கள் என்பது தெரியும்.

இவர் தினமும் ஒரே மாதிரிதான். 'இப்போதே பேச' என்ற பக்கம்வரை வருவார். அங்கிருக்கும் எண்ணை அழுத்தமாட்டார். சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவார்.

வந்தது அவளுடைய அலுவலக நெட்வொர்க்கிலிருந்தே.

முதலில் யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். செயலியை எழுதிய இருவரையும் கேட்டாள். அதைத் தொட்டே மாசக்கணக்காகிறது என்றார்கள்.

அதற்குப் பிறகு அவளால் யார் முகத்தையும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

வரவேற்பில் இருக்கும் பெண் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வந்தால் மனம் பதறியது. கணக்குப் பார்க்கும் அக்கா சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டால் உதடு வீங்கியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள்.

ஒருநாள் கை கழுவும் இடத்தில் அக்காவைத் தனியாகப் பிடித்தாள்.

"அக்கா, வீட்ல எல்லாம்... நல்லாத்தானே இருக்கு?"

"ஏன்டி, என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அக்கா கண்ணாடியில் தன்னையே ஒருமுறை பார்த்துவிட்டு, புருஷனின் குறட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிய கதைவரை போனது. அடிவாங்குகிறவள் இப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மறுநிமிஷமே, பேசமாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றும் தோன்றியது.

இன்றைக்கு அந்த வருகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மேலாளர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

பெரிய உடம்பு, பெரிய குரல். காலையில் அவர் மாடியேறி வருவதற்குள் அவர் சிரிப்பு வந்துவிடும். வாடிக்கையாளர்களைப் பேசியே கவிழ்த்துவிடுவார். கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் விளக்க வந்தால் ஆளை விடு என்று ஓடிவிடுவார்.

"ஏம்மா, ரிப்போர்ட்ல நம்ம ஆபீஸ்லேர்ந்தே யாரோ வர்றதா காட்டுதாமே, பையன்கள் சொன்னாங்க. அதைக் கழிச்சிடு. நான்தான், சும்மா தட்டிப் பார்த்தேன்."

"அய்யோ, நீங்கதானா சார்? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

அவர் சிரித்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இத்தனை நாளும் எத்தனை பேரைச் சந்தேகமாகப் பார்த்தோம் என்று நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. கழிப்பதற்காக அந்த வருகைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

செயலியில் ஒரு தேடல் பெட்டி உண்டு. மக்களுக்கு என்ன தேவை என்று புரிந்துகொள்ள, அதில் தட்டும் சொற்கள் மட்டும் பதிவாகும். மேலாளருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

'மகன் அடித்தால்.'

அதற்குக் கீழே, 'போலீசுக்குப் போகாமல் உதவி.'

அதற்கும் கீழே, இன்றைக்குத் தேடியது.

'அப்பாக்களும் கூப்பிடலாமா.'

அவள் அதை இன்னொரு முறை படித்தாள்.

செயலியில் இருந்த படங்கள் எல்லாமே பெண்கள். பொருத்தமான படங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். இத்தனை நாள் அவள் தேடியதும் பெண்களின் முகங்களில்தான்.

திரையின் மூலையில், இப்போது செயலிக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது.

அதே நெட்வொர்க். அதே பக்கம். சுவடே இல்லாமல் கழிந்துவிடும் என்கிற தைரியமாக இருக்கலாம், இந்த முறை தயக்கமே இல்லை. 'இப்போதே பேச' வந்தது. எண் அழுத்தப்பட்டது.

அவள் அலுவலக வருகைகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்துக் கழித்தாள். தேடிய சொற்களும் சேர்ந்து போயின. திரையை அணைத்தாள்.

நிமிர்ந்தபோது, கணக்குப் பார்க்கும் அக்கா கையெழுத்து வாங்கக் காகிதக்கட்டோடு மேலாளர் அறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டாள்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, இப்ப வேணாம். சார் ஒரு முக்கியமான போன்ல இருக்கார். யாரையும் விடாதேன்னு சொல்லியிருக்கார்."

"என்ன, அந்தப் பெரிய கான்ட்ராக்ட் விஷயமா?"

"ஆமாக்கா."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

அவள் கதவுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றாள். மாடிப்படிவரை கேட்கும் அந்தக் குரல், இவ்வளவு பக்கத்தில் நின்றும், கேட்கவே இல்லை.