பாஸ்வேர்டு கேட்ட வீடு

சினேகா வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு நின்ற மஹாலட்சுமியின் கையில் பழப் பை இருந்தது. தோளில் புருஷனின் லேப்டாப். சிரிப்பு மட்டும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. இழுத்துப் பிடித்து வரவழைத்துக்கொண்டாள்.

பின்னே? கொஞ்ச நாளாக ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவள் காதில் விழுகிற ஒரே பேர் சினேகாதான். "சினேகா மீட்டிங்ல கலக்கிட்டா." "சினேகா கொண்டு வந்த தக்காளி சாதம் இருக்கே, அடடா!" வினோத்குமார் ஆபீஸ் கதை சொல்லச் சொல்ல மஹாலட்சுமிக்கு வயிறு பற்றி எரியும். தக்காளி சாதம் அவளுக்கு மட்டும் கிளறத் தெரியாதா என்ன?

பக்கத்துத் தெரு காந்திமதி வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள். நெருங்கிய தோழி. புருஷன் மஸ்கட்டில் வேலை. "ஆம்பளை சும்மா ஒருத்தி பேரையே சொல்லிக்கிட்டு இருக்க மாட்டான்டி. அந்த சினேகா மேல ஒரு கண்ணு வச்சுக்கோ" என்பாள்.

வினோத்குமாருக்கோ காந்திமதியைக் கண்டாலே ஆகாது. "அந்த வாயாடி வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். மஹா எத்தனையோ தடவை கூப்பிட்டும் கூட வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடிக்க வழி காட்டியவன் கம்ப்யூட்டர் கடை மாரி. பாவம், அவனுக்கே அது தெரியாது. போன வாரம் வீட்டுக்குப் புதிதாக நெட் வந்ததும் லேப்டாப்பில் சேர்த்துக் கொடுக்க வந்தான். பழைய லேப்டாப். கட்டைவிரல் அளவு வயர்லெஸ் அடாப்டரை வினோத்குமார் முன்பே ஆபீஸ் வேலைக்கு என்று வாங்கி வைத்திருந்தான். மாரி அதைச் செருகி, பாஸ்வேர்டை அடித்தான்.

"ஒரு தபா போட்டா போதுங்க்கா. அப்பால அந்த வூட்டுக்குள்ள பூந்தாலே தானா புட்ச்சிக்கும். போவாத வூடுன்னா மட்டும்தான் பாஸ்வேர்டு கேக்கும்" என்றான்.

மாரி போய்விட்டான், அவன் சொன்னது போகவில்லை. லேப்டாப் வினோத்குமாரின் தோளை விட்டு இறங்காத சாமான். ஞாயிற்றுக்கிழமை அவன் கிரிக்கெட் ஆடப் போனால்தான் வீட்டில் கிடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தலை மறைந்ததும், மஹாலட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு சேலையூரிலிருந்து அஸ்தினாபுரத்துக்கு ஆட்டோ ஏறிவிட்டாள். சினேகா வீட்டில் அது தானாக ஒட்டிக்கொண்டால் முடிந்தது கதை. அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கதவு திறந்தது. "அட, வாங்கக்கா! சார் வரலியா?"

"அவர் கிரிக்கெட் ஆடப் போயிருக்காரும்மா. எங்க வீட்டு நெட் படுத்துடுச்சு. துபாய்லேர்ந்து எங்க அண்ணன் அவசரமா மெயில் போட்டிருக்காராம். உங்க நெட்ல கொஞ்சம் பாத்துக்கட்டுமா?"

"தாராளமா பாருங்கக்கா."

சோபாவில் உட்கார்ந்து அடாப்டரைச் செருகினாள். முருகா, முருகா! திரையின் மூலையில், நெட் சேரவில்லை என்று காட்டும் சிவப்புப் பெருக்கல் குறி அசையாமல் நின்றது. சினேகா வீட்டு நெட்டின் பெயரைத் தேடி அமுக்கினாள். கட்டம் ஒன்று எழும்பி வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு கேக்குதும்மா!" என்று கத்தியே விட்டாள். லேப்டாப்புக்கு முத்தம் கொடுக்காததுதான் பாக்கி.

"அது என் தம்பி போட்டது, எனக்கே தெரியாதுக்கா. இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

அதற்கப்புறம் சினேகா தக்காளி சாதம் போட்டாள். மஹாலட்சுமி இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. ச்சே, இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

திரும்பி வந்த ஆட்டோவைத் தன் வீட்டுக்கு விடாமல் நேரே காந்திமதி வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். இந்தச் சந்தோஷத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்வது!

"காந்தி, அந்த சினேகா தங்கமான பொண்ணுடி! இவர் அவ வீட்டுப் பக்கம் போனதே இல்ல!"

"எப்படிடி இவ்வளவு அடிச்சுச் சொல்ற?"

"வா, காட்டறேன். உன் வீட்லயும் இப்ப பாஸ்வேர்டு கேக்கும் பாரு."

"கேக்காம? எங்க வீட்டுக்காரர் போட்ட பூட்டாச்சே! இரு, காபிய இறக்கிட்டு வந்து சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே காந்திமதி சமையலறைக்குள் போனாள்.

மஹாலட்சுமி லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்து, அடாப்டரைச் செருகினாள். மூலையில் இருந்த சிவப்புக் குறி சட்டென்று மறைந்தது. அவள் எதையும் அமுக்கவில்லை. கட்டம் எதுவும் வரவில்லை.

அடாப்டரைப் பிடுங்கினாள். திரும்பவும் செருகினாள். திரும்பவும் காந்திமதி வீட்டு நெட்டில் தானாக ஒட்டிக்கொண்டது.

காந்திமதி காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ம், பாஸ்வேர்டு சொல்றேன், அடிச்சுக்கோ. மொத எழுத்து..."

மஹாலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"வேணாம் காந்தி. இந்த லேப்டாப்புக்கு உன் வீடு ஏற்கெனவே பழக்கம்."