அழித்த வரிகள்

அவள் 'திருத்த வரலாறு' என்பதை அழுத்தியதும் திரையின் வலது ஓரத்தில் ஒரு பட்டியல் விரிந்தது.

திங்கள் மாலை 5.10. 5.14. 5.31. 5.32. 5.40.

மாணவி டெல்பின் தன் கட்டுரையைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது.

திரை முன் இருந்தவள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். மாணவிகளிடம் கட்டுரைகளை இணையத்தில் வாங்கத் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. இந்த இடத்தைக் கணினித் துறை முத்துச்செல்வி அன்று மதியம் காட்டியிருந்தாள்.

"காப்பி அடிச்சிருந்தா இதுல தெரிஞ்சிரும் மேம். மொத்தமும் ஒரே நேரத்துல வந்து விழுந்திருக்கும்."

சந்தேகம் டெல்பின் மேல்தான்.

'என் காலை' என்ற தலைப்பு. ஒரு பிழைகூட இல்லை. ஆறு மணிக்கு எழுகிறேன். உடற்பயிற்சி செய்கிறேன். ஆரஞ்சுச் சாறு குடிக்கிறேன்.

தூத்துக்குடியில் எந்த வீட்டில் காலையில் ஆரஞ்சுச் சாறு?

"நீயே எழுதுனதா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்டிருந்தாள்.

"ஆமா மிஸ்."

தலை நிமிரவில்லை. அதுவே போதுமென்று நினைத்துவிட்டாள்.

இப்போது 5.10-ஐ அழுத்தினாள்.

வேறு கட்டுரை வந்தது.

மூன்று மணிக்கு எழுகிறேன். அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போகிறேன். ஐஸ் பெட்டியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆங்கிலம் தடுமாறியது. காலம் மாறியது, எழுவாய் ஒரு பக்கம், வினை ஒரு பக்கம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

5.14-இல் காலம் சரியாகியிருந்தது.

5.31-இல் ஒரு புது வரி.

மீனின் கண்கள் திறந்தே இருக்கின்றன. என் கண்கள் இன்னும் திறக்கவில்லை.

இரண்டு தடவை படித்தாள். தன் வகுப்பில் இப்படி ஒரு வரியை இதுவரை யாரும் எழுதியதில்லை.

அதன் கீழே இன்னொரு வரி. மீன் வாடை அடிக்கும் என்று பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் ஜன்னலோரம் நின்றே வருகிறேன்.

5.32. மீன் இல்லை. அம்மா இல்லை. பஸ் இல்லை.

5.40. ஆரஞ்சுச் சாறு.

பழைய கட்டுரையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் இருந்தது. விரல் அதன்மேல் போனது.

விரலை எடுத்துவிட்டாள். அழித்தது அந்தப் பெண். அவளுக்குத் தெரியாமல் படித்ததே அதிகம்.

பிறகு புதிதாக ஒரு பக்கம் திறந்து அதே தலைப்பை அடித்தாள்.

ஐந்தரைக்கு எழுகிறேன், என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அன்றைய பாடத்தில் வரும் சொற்களை எப்படி உச்சரிப்பது என்று போனில் போட்டுக் கேட்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு கூடவே சொல்லிப் பார்க்கிறேன். பத்தொன்பது வருடங்களாக இப்படித்தான். நானும் தமிழ் மீடியம். இன்னும் பயம் போகவில்லை.

அழிக்கலாம் போலிருந்தது. முத்துச்செல்வி படித்தால் என்ன நினைப்பாள்?

கீழே இன்னும் மூன்று வரி சேர்த்தாள்.

உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ அழித்ததையும் படித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

டெல்பினுக்கு மட்டும் அனுப்பினாள்.

மறுநாள் கணினி ஆய்வகத்தில் எல்லோரும் அவரவர் திரையில் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் டெல்பின். எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தன் திரையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

இளஞ்சிவப்பில் ஒரு சின்னக் கோடு வந்தது. அதன் தலையில் டெல்பின் என்ற பெயர்.

இப்படியும் தெரியுமா!

கோடு முதல் வரியில் நின்றது. இரண்டாவதுக்கு இறங்கியது. கடைசி வரிக்குப் போய் அசையாமல் கிடந்தது.



"மிஸ்."

நிமிர்ந்தாள். டெல்பினின் முகம் சிவந்திருந்தது.

"நாலாவது வரியில... பத்தொன்பது வருஷம்ங்கிற சொல்லுக்கு முன்னாடி சின்ஸ் வராதுல்லா?"

பார்த்தாள். சின்ஸ் என்றுதான் அடித்திருந்தாள். போன வாரம் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு நடத்திய பாடம்.

"வராது," என்றாள். "நீயே மாத்திரும்மா."

இளஞ்சிவப்புக் கோடு மேலே ஏறியது. சின்ஸ் ஒவ்வோர் எழுத்தாகப் போனது. ஃபார் வந்தது.

வேலை முடிந்தும் கோடு போகவில்லை. கீழே இறங்கி, வெற்றிடத்தில் நின்று துடித்தது.

பிறகு எழுத்துகள் வந்தன. நானும் அம்மாவும் மூன்று மணிக்கு.

அங்கே நின்றது.

அழிந்துவிடுமோ என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காற்புள்ளி விழுந்தது.